டிரைவர் கிடைக்கவில்லை

ஸ்டோர் அக்காவைப் புகழ்ந்து எழுதுவது சுலபமல்ல. அவர் செய்யும் வேலை பார்ப்பவர் கண்ணுக்கு வேலையாகவே தெரியாது. ஒரு மேசை, அதன்மேல் மூடி கழற்றிய ஒரு கம்ப்யூட்டர், எதிரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் நாற்பத்தேழு வயதுப் பெண்மணி. அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே மேசை, அதே கை, அதே கன்னம். ஏதாவது முடிந்ததா என்று கேட்டால், "யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்பார். சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிறவர்களை உலகம் எங்கேயுமே முழுசாக நம்புவதில்லை.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. அவர் அங்கே பொருள் காப்பாளர். தடித்த பிரெயில் தாள், புள்ளி குத்தும் ஊசி, சோப்பு, பல்பு, துடைப்பம் எல்லாம் அவர் பொறுப்பு. கால் உடைந்த நாற்காலியிலிருந்து பேச்சு நின்றுபோன கம்ப்யூட்டர் வரை, தூக்கி எறிய மனம் வராதது எதுவானாலும் ஸ்டோருக்குத்தான் வரும். அப்படி வந்து சேர்ந்த இரண்டு செத்த கம்ப்யூட்டர்களை வைத்து உயிருள்ள ஒன்றை அவர் உண்டாக்கினார். அவருடைய படிப்பு அங்கே தொடங்கியது. இதில் ஒன்றைக் கழற்றி அதில் மாட்டினார், ஓடியது. பிறகு ஏன் ஓடியது என்று யோசித்தார். இந்த இரண்டாவது காரியத்தைச் செய்கிறவர்கள் குறைவு.

கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் ஓர் அட்டைத் துண்டை நூலில் கட்டித் தொங்கவிடுவது அவர் வழக்கம். அட்டையில் பெயர் இருக்காது, அது செய்கிற வேலை இருக்கும். மின்சாரம் தரும் பெட்டியில் "சோறு போடுவது". நினைவகப் பட்டையில் "கையில் வைத்திருப்பது, விளக்கணைந்தால் மறந்துவிடும்". ஹார்ட் டிஸ்க்கில் "பெட்டியில் பூட்டி வைத்திருப்பது". பிராசஸரில் "கணக்குப் போடுவது". மதர்போர்டில் "எல்லாருக்கும் வழி விடுவது". அவர் கணவர் தையற்காரர். ஒருநாள் மனைவியைக் கூட்டிப்போக வந்தவர் இந்த அட்டைகளைப் படித்துவிட்டு, "இதுல பாதி நம்ம வீட்டுல நீ பண்றது, மீதிப் பாதி நான் மறக்கிறது" என்றாராம்.

ஒரு பொருளின் பெயர் தெரிந்துவிட்டால் பொருளே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது படித்தவர்களுக்கு வரும் வியாதி. அக்காவுக்கு அது வரவில்லை. ஆனால் அவரும் ஒரு விஷயத்துக்கு அட்டை கட்டாமலே விட்டிருந்தார். கையில் எடுத்து நூல் கட்ட முடியாத விஷயம் அது.

பள்ளியின் அச்சு அறையில் பழைய பிரெயில் அச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் அனுப்புகிற எழுத்தைத் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தரும். ஒரு வரி அடித்தால் அடுத்த கட்டடத்தில் டம்ளர் அதிரும். அதனால் எல்லோரும் அதைச் சம்மட்டி என்றார்கள். பதினாறு வயதாகியும் அதற்கு ஒரு புள்ளிகூடத் தவறியதில்லை. அதோடு பேசிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர்தான், மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மதர்போர்டில் கறுப்பு வட்டம் விழுந்து நின்றுபோனது. இறுதித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அலுவலகத்துக்கு வந்திருந்த புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். பளபளவென்று இருந்தது. சம்மட்டியின் கேபிளை மாட்டத்தான் அதில் இடமில்லை. சம்மட்டிக்கு வேண்டியது உள்ளங்கை அகலத்தில் இருபத்தைந்து துளை கொண்ட பழைய வாய். புதியதில் இருந்ததெல்லாம் நகம் அளவு வாய்கள்.

ஒப்பந்தத்துக்கு வந்து போகும் சர்வீஸ்காரர் சம்மட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மேடம், இதை மியூசியத்துக்குக் குடுத்தா மாலை போட்டு வாங்கிப்பாங்க. புதுசுக்கு எழுதுங்க. மூணு மாசத்துல வந்துடும்."

"தேர்வு இன்னும் பன்னெண்டு நாள்லங்க" என்றார் தலைமையாசிரியை.

"அப்போ ஆள் வச்சுப் படிக்கச் சொல்லுங்க. எத்தனையோ ஸ்கூல்ல அப்படித்தானே நடக்குது."

நடக்கிறதுதான். அச்சு வசதி இல்லாத பள்ளிகளுக்குத் தேர்வு அலுவலகமே வாசிப்பாளர்களை அனுப்பும். பிள்ளை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வியைப் படித்துக் காட்டுவார். வசதி இருக்கிறது என்று நிரூபிக்கும் பள்ளிக்கு மட்டும் தேர்வன்று காலையில் வினாத்தாள் கம்ப்யூட்டர் வழியாக வரும், மேற்பார்வையாளர் முன்னால் அச்சடித்துக்கொள்ளலாம். நிரூபணம் என்றால் புதிதாக அச்சடித்த மாதிரித் தாள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அது தேர்வு அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசிப்பாளர்.

பக்கத்தில் கணக்கு சார் நின்றிருந்தார். அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அந்தப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக வந்தவர். யாருக்கும் முழு மதிப்பெண் போடாதவர் என்று பெயரெடுத்தவர்.

"எக்ஸ் கூட்டல் மூணு வகுத்தல் ரெண்டு" என்றார். "எழுதிக்குங்க சர்வீஸ். மூணை மட்டும் ரெண்டால வகுக்கணுமா, மொத்தத்தையும் வகுக்கணுமா?"

சர்வீஸ்காரர் விழித்தார். "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி சார்."

"தாள்ல இருந்தா விரல் சொல்லிடும். வாயில இருந்தா படிக்கிறவர் மூச்சு விடுற இடத்தைப் பொறுத்தது. எங்க காலத்துல சம்மட்டி கிடையாது. ரெண்டு தடவை கேட்டேன், அவர் சலிச்சுக்கிட்டார். மூணாந்தடவை கேக்க வெக்கமா இருந்துச்சு. பதினோரு மார்க். இன்னிக்கும் அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்."

இப்போது அவரிடம் பத்துப் பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுத இருந்தார்கள்.

அன்று அக்கா எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாத காரணம் ஒன்று இருந்தது. அகல வாய் வைத்த பழைய கம்ப்யூட்டர்கள் ஆறு, போன வருடம்வரை ஸ்டோரில் இருந்தன. இடத்தை அடைக்கிறது என்று அவற்றைக் கழித்து அனுப்பியவர் அவர். பட்டியலின் கீழே "இனி யாருக்கும் பயன்படாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். யாரும் அதை நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய் ஓர் அட்டை வாங்கி வந்தார். அட்டை என்றால் மதர்போர்டின் நீண்ட பள்ளத்தில் செருகுகிற சிறு பலகை. அதன் முதுகில் சம்மட்டிக்கு வேண்டிய அகல வாய் இருக்கும். பெட்டிமேல் தங்க எழுத்தில் ஒரு பிரபலக் கம்பெனியின் பெயர் இருந்தது. உள்ளே ஒரு சி.டி. தகடும் இருந்தது. வியாழக்கிழமை காலை மூடியைக் கழற்றி, அட்டையைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டார்.

அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர்கள் பேசும். திரையில் வருவதையெல்லாம் படித்துச் சொல்லும் மென்பொருள் எல்லாவற்றிலும் உண்டு. பழையதில் இருந்தது ஓர் ஆண் குரல், வருடக்கணக்காக எல்லோருக்கும் பழகியது. புதியது பெண் குரல், வார்த்தையை வெட்டி வெட்டிக் கறாராகப் பேசும்.

"சாதனம் இனம் காணப்படவில்லை" என்றது அது. "டிரைவர் கிடைக்கவில்லை."

தகட்டிலிருந்ததைப் போட்டுப் பார்த்தார். "டிரைவர் கிடைக்கவில்லை." அட்டையைக் கழற்றி அடுத்த பள்ளத்தில் செருகினார். "டிரைவர் கிடைக்கவில்லை." கம்பெனி பெயரை இணையத்தில் தேடி, வந்ததை இறக்கிப் போட்டார். குரல் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் அதையே சொன்னது.

அச்சு அறைக்கும் தொலைபேசி அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டருக்கும் பார்வை கிடையாது. ஆனால் பள்ளியில் யார் தும்மினாலும் அவரால் ஆளைச் சொல்ல முடியும். அவருக்கே தெரியாத குரல் ஒன்று ஐந்தாவது முறையாகப் புகார் சொன்னபோது, கடமையுணர்வோடு தலைமையாசிரியைக்குப் போன் போட்டார்.

"மேடம், அச்சு ரூம்ல யாரோ ஒரு அம்மா வந்திருக்காங்க. வேன் டிரைவரைக் காணோம்னு அஞ்சு தடவை சொல்லிட்டாங்க. குரலைப் பாத்தா பெரிய இடம் மாதிரி இருக்கு. இன்ஸ்பெக்‌ஷனா இருக்குமோ?"

பத்தே நிமிடத்தில் வேன் டிரைவர் அச்சு அறை வாசலில் நின்றார். முழங்கை வரை கிரீஸ், தோளில் ஈரத்துண்டு.

"யாரும்மா என்னைக் காணோம்னு சொன்னது? காலையிலேர்ந்து வேனுக்கு அடியிலதானே படுத்திருக்கேன். குனிஞ்சு பாத்தா காலு தெரியுமே."

அக்கா திரும்பிப் பார்த்தார். "அண்ணே, நான் எதுவும் சொல்லலையே."

"டிரைவர் கிடைக்கவில்லை" என்றது கம்ப்யூட்டர்.

வேன் அண்ணன் அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓ, இவங்கதானா. நேத்து வந்துட்டு இன்னிக்கே என் வேலைக்கு வேட்டு வைக்கிறாங்க." பின்னாலேயே தலைமையாசிரியையும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அவசரமாக வந்து, யாரும் இல்லாத நாற்காலிக்கு ஒரு வணக்கம் வைத்தார். விஷயம் தெரிந்ததும் அந்த வாரத்திலேயே முதல் முறையாகச் சிரித்துவிட்டுப் போனார்.

வேன் அண்ணன் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ இதுக்கு உள்ளேயும் டிரைவர் உண்டா?"

"உண்டுண்ணே. உங்க வேன்ல இஞ்சின் இருக்கு, சக்கரம் இருக்கு, பெட்ரோல் இருக்கு. தானா போயிடுமா?"

"தள்ளிவிட்டாக்கூடப் போக மாட்டேங்குது."

"ஓட்டத் தெரிஞ்ச ஆளு உள்ள உக்காரணும்ல. இங்கேயும் அப்படித்தான். அட்டை நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டரும் நல்லாத்தான் இருக்கு. அந்த அட்டைகிட்ட எப்படிப் பேசி வேலை வாங்கணும்னு இதுக்குத் தெரியலை. அந்த விவரத்தை எழுதி வச்ச புரோகிராம்தான் டிரைவர். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி ஆளு."

"லைசன்ஸ்?"

"அதுவும் பாக்கும். தயாரிச்சவங்க முத்திரை இல்லாத ஆளை உள்ளேயே விடாது."

"பரவால்லையே, நம்ம ஊரு செக்போஸ்ட்டை விட ஒழுங்கா இருக்கே." அவர் தங்க எழுத்துப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நீ எதை வச்சு ஆளு தேடுற? இந்தப் பேரை வச்சா?"

"ஆமா. கம்பெனி பேரு அதானே."

"நல்லா தேடின போ. என் வேன்ல பின்னாடி என்ன பேரு போட்டிருக்கு? பாடி கட்டினவன் பேரு. இஞ்சின்ல கோளாறுன்னு அவன்கிட்ட போய் நின்னா, ஜன்னல் கண்ணாடி வேணா மாத்தித் தரேம்பான். இஞ்சின் வேற ஆளோடது. மூடியைத் தூக்கி, இஞ்சின்ல அடிச்சிருக்கிற நம்பரைப் பாக்கணும். அந்த நம்பரைச் சொன்னாத்தான் சரியான சாமான் வரும்."

அக்கா கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

ஒருவருடைய தொழிலில் பாலபாடமாக இருப்பது இன்னொருவர் தொழிலில் பூட்டைத் திறந்துவிடுவது அபூர்வமல்ல. ஆனால் அப்படித் திறக்க, இரண்டு தொழிலும் ஓர் அறையில் வந்து உட்கார வேண்டும். தப்பாகக் கேட்ட ஒரு வார்த்தை அந்தக் காரியத்தைச் செய்தது.

செருகிய ஒவ்வொரு பாகமும் தன் எண்ணைக் கம்ப்யூட்டரிடம் சொல்லும், டிரைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சாதனங்களின் பட்டியலைத் திறந்து, உள்ளே இரண்டு பக்கம் தள்ளிப் போனால் அது இருக்கும். அட்டையின் மூளையான சில்லை, அதாவது சிப்பை, செய்தவருக்கு நான்கு இலக்கம், அந்தச் சில்லுக்கு நான்கு இலக்கம். அக்கா அதை ஒரு காகிதத்தில் எழுதினார். பிறகு தகட்டைத் திறந்தார். டிரைவரோடு எப்போதும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வரும், தன்னால் எந்தெந்த எண்களை ஓட்ட முடியும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். கணக்கு சாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். குரல் படிக்கப் படிக்க அவர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். முப்பத்தொரு எண்கள்.

"உங்க நம்பர் இதுல இல்லம்மா" என்றார் சார். "வேற வகுப்போட ரெஜிஸ்டரை எடுத்துவச்சு அட்டெண்டன்ஸ் கூப்பிட்டுக்கிட்டிருக்கீங்க. பையன் எப்படி உள்ளேன் சொல்லுவான்?"

கம்பெனி முன்பு ஒரு சில்லை வைத்து அட்டை செய்திருக்கிறது. பிறகு வேறு சில்லுக்கு மாறியிருக்கிறது. பெட்டியும் தகடும் அப்படியே இருந்துவிட்டன. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பெயர் மட்டும் பொருளை விட்டு நகர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த எட்டு இலக்கங்களோடு போனது. ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரையும் சரிசெய்வதாக மூன்று இணையதளங்கள் ஆசை காட்டின. அவற்றை அக்கா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்கிறவனுக்கு எதில் கோளாறு என்று தெரியாது என்பது அவர் கட்சி. சில்லைச் செய்தவர்களின் பக்கத்தை மதியத்துக்கு மேல் கண்டுபிடித்தார். எழுத்துக் கோப்பைத் திறந்து, முதலில் தன் எண் இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்பதாவது வரியில் இருந்தது. அதற்குப் பிறகுதான் நிறுவினார்.

"சாதனம் சரியாக இயங்குகிறது" என்றது குரல், அதே கறார்த்தனத்தோடு.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆப்பரேட்டர் கேட்டார். "அக்கா, டிரைவர் வந்துட்டாரா?"

"வந்தாச்சு தம்பி."

"மேடத்துக்குச் சொல்லவா?"

"வேணாம். இன்னும் வண்டி கிளம்பலை."

கிளம்பவில்லைதான். சனிக்கிழமை காலை சம்மட்டியின் கேபிளை எடுத்து அட்டையின் வாயில் அழுத்தி மாட்டினார். அச்சு அறையின் மூலையில், சுவரோடு ஒட்டி, கையை வளைத்து, கண்ணால் பார்க்காமல் மாட்டினார். அவசரம். மேசைமேல் தலைமையாசிரியை வாசிப்பாளர் கேட்டு எழுதிய கடிதம், கையெழுத்துக்கு மட்டும் காத்திருந்தது. தேர்வு அலுவலகம் வேனில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டரைக்குள் தாள் கையில் இல்லையென்றால் கடிதம்தான்.

அச்சடிக்கச் சொன்னார். சம்மட்டி அசையவில்லை. கம்ப்யூட்டர் முதலாம் வாயில் அனுப்பிக்கொண்டிருந்தது, புது அட்டை தன்னை மூன்றாம் வாய் என்று சொல்லிக்கொண்டிருந்தது. திருத்தினார். சம்மட்டி உறுமியது. ஆனால் ஒரு பக்கம் முழுக்கக் கண்டபடி குத்தித் தள்ளியது. இதற்குக் காரணம் அவருக்கே தெரியும். சாதாரண அச்சு டிரைவர் எழுத்தைப் படமாக்கி அனுப்பும், சம்மட்டிக்கு எழுத்தை எழுத்தாகவே தர வேண்டும். வெறும் எழுத்து மட்டும் அனுப்புகிற டிரைவருக்கு மாற்றினார். மணி பன்னிரண்டே கால். ஒன்று முதல் ஒன்பது வரையும் கடைசியில் பூஜ்யமும் ஒரே வரியில் தட்டி அனுப்பினார். பத்து எழுத்துகள் பத்து அடியாக விழுந்தன. தாள் தானாக வெளியே வரவில்லை. பொத்தானை அழுத்தி எடுத்துச் சாரிடம் கொடுத்தார்.

சாரின் ஆள்காட்டி விரல் வரியின்மேல் போனது. மறுபடியும் முதலிலிருந்து போனது.

"ஒண்ணு, மூணு, மூணு, அஞ்சு, அஞ்சு, ஏழு, ஏழு, ஒம்பது, ஒம்பது, ஒண்ணு" என்றார். "என்னம்மா, உங்க கம்ப்யூட்டர்ல இரட்டைப்படைக்கெல்லாம் இன்னிக்கு லீவா?"

தலைமையாசிரியை மெதுவாகக் கடிதத்தை எடுத்தார். "போதும்மா. நீங்க முடிஞ்ச வரைக்கும் பாத்தாச்சு. மெஷினுக்கும் வயசாச்சு."

"மேடம், ஒரு அரைமணி" என்றார் அக்கா. "இது வயசுக் கோளாறு இல்ல. வயசானா அங்க ஒண்ணு இங்க ஒண்ணு தப்பும். இது ஒழுங்கா தப்புது."

தவறைத் தவறு என்று பார்ப்பது எல்லோராலும் முடியும். அதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைப் பார்ப்பது அறிவு. இந்த ஓர் இடத்தில் தயக்கமில்லாமல் அவரைப் புகழலாம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். வேன் அண்ணன் வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றார் அக்கா, கண்ணை மூடியபடி. "அந்தக் கேபிள்ல எழுத்து எட்டுக் கம்பியில போகுது. ஒவ்வொரு கம்பியும் உண்டு இல்லேன்னு மட்டும் சொல்லும். ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பு."

"ரெண்டின் அடுக்கு. எனக்கேவா? சொல்லுங்க."

"ரெண்டு வந்தா மூணாகுது. நாலு வந்தா அஞ்சாகுது. மூணும் அஞ்சும் அப்படியே இருக்கு. எல்லாத்துலயும் ஒண்ணு கூடவே ஒட்டிக்கிட்டு வருது. தாளை வெளிய தள்ளுன்னு போற உத்தரவும் ஒரு எண்தான், அதுவும் மாறிப்போய்த்தான் தாள் வரலை."

சாரின் விரல் தாளின்மேல் நின்றுவிட்டது. "ஒண்ணாம் மதிப்புக் கம்பி" என்றார். "அது எப்பவும் உண்டு, உண்டுன்னே சொல்லிக்கிட்டிருக்கு."

"சொல்லலை சார். அது வாயே திறக்கலை. கம்பி ஒட்டலைன்னா சம்மட்டி அதை உண்டுன்னு எடுத்துக்கும். பதில் வராத இடத்துல ஆமான்னு எழுதிக்கிற ஆபீசர் மாதிரி."

அக்கா எழுந்துபோய்க் கேபிளைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெலிதான ஊசிகள் இரண்டு வரிசையாக நின்றன. மேல் வரிசையில் இரண்டாவது ஊசி மட்டும் நிற்கவில்லை. மடங்கிப் பக்கத்துச் சுவரோடு படுத்திருந்தது. காலையில் மூலையில் கையை வளைத்து அழுத்தி மாட்டியது நினைவுக்கு வந்தது.

"நான்தான் வளைச்சிருக்கேன்" என்றார். யாரும் கேட்காமலேயே சொன்னார். ஆறு கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்ட கையெழுத்தும் சேர்ந்துதான் அந்தக் குரலில் இருந்தது.

"வேற கேபிள்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"இல்ல மேடம். கடைக்குப் போய் வர நேரமும் இல்ல."

குறட்டால் பிடித்து நிமிர்த்தினால் அந்த ஊசி உடைந்துவிடும். ஒருமுறை மடங்கியது இன்னொரு முறைதான் தாங்கும். அக்கா மேசை டிராயரைத் துழாவி, மை தீர்ந்த ஒரு பால்பாயின்ட் ரீஃபில்லை எடுத்தார். முனையைக் கடித்துப் பிடுங்கினார். வெறும் குழாய். அதைப் படுத்திருந்த ஊசியின்மேல் தொப்பி மாதிரி மாட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெல் அளவு நெல் அளவாக, நிமிர்த்தினார்.

குழாயை உருவினார். ஊசி நின்றது.

இந்த முறை இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லி, கண்ணால் பார்த்து, விரலால் தடவி, மாட்டினார். அதே பத்து எண்கள். சம்மட்டி பத்து அடி அடித்தது. தாள் தானாகவே வெளியே வந்து விழுந்தது.

சார் விரலை ஓட்டினார். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார் என்று வேன் அண்ணன் பிற்பாடு சத்தியம் செய்தார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு." அங்கேயே நிறுத்திவிட்டுக் கேட்டார், "மிச்சத்தையும் படிக்கணுமா?"

"படிங்க சார்" என்றார்கள் மூன்று பேரும்.

படித்தார். பூஜ்யம் வரை படித்தார். தலைமையாசிரியை கையிலிருந்த கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். ஒரு பக்க மாதிரித் தாள் ஐந்து நிமிடத்தில் அச்சானது. 'எக்ஸ் கூட்டல் மூன்று வகுத்தல் இரண்டு' என்ற கணக்கு இரண்டு விதமாகவும் அதில் இருந்தது. அதைச் சாரே தேர்ந்தெடுத்துச் சேர்த்திருந்தார். வேன் ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பியது. வாசல் தாண்டும்போது ஆப்பரேட்டர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"அண்ணே, டிரைவர் உள்ள இருக்காரா?"

"ரெண்டு பேரும் இருக்கோம்டா" என்றார் வேன் அண்ணன்.

மூன்று இருபதுக்குத் தாள் தேர்வு அலுவலகத்தின் மேசையில் இருந்தது. அங்கே அதைப் படிக்க ஒருவருக்கும் தெரியாதாம். முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். சிலவேளை நிர்வாகமும் நல்லது செய்துவிடுகிறது.

கணக்குத் தேர்வன்று காலை எட்டரை மணிக்கு வினாத்தாள் வந்தது. மேற்பார்வையாளர் காதைப் பொத்திக்கொண்டு நிற்க, சம்மட்டி பத்துப் பிரதிகளையும் ஒரு புள்ளி பிசகாமல் குத்தி முடித்தது. பத்துப் பிள்ளைகள் ஒரு கூடத்தில் உட்கார்ந்தார்கள். வாசிக்கிறவர் யாரும் இல்லை. மூன்று மணி நேரமும் தாள்மேல் விரல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் ஒரு மாணவி ஏழாவது கேள்வியை மூன்று முறை படித்தாள், பிறகு நான்காவது முறையும் படித்தாள். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. கூடத்துக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்ற கணக்கு சார் அந்த உரசலை எண்ணிக்கொண்டே நின்றார்.

அன்று சாயங்காலம் அவர் ஸ்டோருக்கு வந்து, சனிக்கிழமை அச்சடித்த அந்தப் பத்து எண் தாளைக் கேட்டு வாங்கினார். ஊசியை எடுத்து, தாளின் அடியில் எதையோ குத்தித் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சார் இது?"

"படிச்சுக்குங்க. இவ்வளவு வருஷம் இந்த ஸ்கூல்ல இருக்கீங்க."

அக்காவுக்கு விரலால் படிக்க வராது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, புள்ளிகளின் நிழலை எழுத்து எழுத்தாகக் கூட்டினார். பத்துக்கு ஒன்பது.

"ஒண்ணு எங்க சார் போச்சு?"

"ஊசியை வளைச்சதுக்கு" என்றார் சார், வாசலைத் தாண்டியபடி.

அதற்கு முன் அந்தப் பள்ளியில் அவர் ஒன்பது போட்டதாக யாருக்கும் நினைவில்லை. தாள் இப்போது ஸ்டோரில் தொங்குகிறது. அக்கா அதில் வழக்கம்போல் ஓர் அட்டைத் துண்டை நூலில் கட்டியிருக்கிறார். இத்தனை நாள் எதில் கட்டுவதென்று தெரியாமல் எழுதாமலே விட்டிருந்த அட்டை. "டிரைவர்: இருவருக்கும் நடுவில் நின்று, ஒருவர் பேச்சை மற்றவருக்குப் புரியவைப்பது" என்று அதில் இருக்கிறது.